கலண்டர் தரவை எந்த வடிவத்தில் வைப்பது? மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் ஒரு வீணை ரீச்சர். ஞாயிற்றுக்கிழமை விடிய 5 மணிக்கு எழுந்து ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பு எடுப்பார். அங்கே அப்போது சனிக்கிழமை பின்னேரம் ஏழரை. சில வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு சின்ன வகுப்புப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். முதல் ஞாயிறு 5.20க்கு என் கைபேசி அடித்தது. "தம்பி, நான் சுருதி சேர்த்துப்போட்டு இருக்கிறன். பாதிப் பிள்ளையள் வரேல்லை."

பிழை முழுக்க என்னுடையது. எந்த நேரத்தையும் யூடிசிக்கு (உலகம் முழுக்க ஒரே பொது நேரம்) மாற்றித்தான் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்ததைப் பிடித்துக்கொண்டு, கொழும்பு ஞாயிறு காலை 5 மணியை யூடிசி சனி இரவு 23:30 ஆக மாற்றினேன். அதுவரை சரி. ஆனால் "கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு" என்ற திரும்பல் விதியை அப்படியே விட்டுவிட்டேன். பெற்றோருக்குப் போன கோப்பில் தொடக்கம் சனிக்கிழமை, விதி ஞாயிற்றுக்கிழமை. தொடக்கமும் விதியும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை, கலண்டர் கோப்புகளுக்கான ஐகலண்டர் தரநிலை வரையறுக்கவே இல்லை. ஒவ்வொரு செயலியும் தன் மனம்போல் காட்டும். சில கைபேசிகளில் முதல் வகுப்பு மட்டும் சனியில் வந்தது, சிலவற்றில் எல்லாமே ஞாயிறு இரவில். ஞாயிறு இரவு அங்கே பிள்ளைகள் வீணையோடு உட்கார்ந்தபோது இங்கே திங்கள் விடிந்துகொண்டிருந்தது.

அந்தக் காலையில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. ஐசிஎஸ்ஸா (ஐகலண்டர் கோப்பு) ஜேசனா (மென்பொருள்கள் தரவு பரிமாறும் எழுத்து வடிவம்) என்ற கேள்வியோடு தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். உள்ளே சேமிக்கும் வடிவம் வேறு, வெளியே அனுப்பும் வடிவம் வேறு. இரண்டுக்கும் முன்னால், நம்மிடம் இருப்பது எந்த மாதிரி நேரம் என்று தெரிய வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு அதன்படிதான்.

படி 1: நேரங்களை இனம் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் மென்பொருளில் வரும் எல்லாத் திகதிகளையும் நேரங்களையும் எழுதுங்கள். பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதலாவது, நடந்து முடிந்த கணம். பணம் கட்டிய நேரம், லொகின் செய்த நேரம். இதற்கு யூடிசி போதும். கண்ணை மூடிக்கொண்டு ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 3339 வடிவத்தில் எழுதலாம்.

இரண்டாவது, ஓர் இடத்து மணிக்கூட்டோடு கட்டுண்ட எதிர்கால நேரம். ரீச்சரின் வகுப்பு, மருத்துவர் சந்திப்பு, மண்டப முன்பதிவு எல்லாம் இதுதான். தலைவலி முழுக்க இங்கேதான்.

மூன்றாவது, இடமே இல்லாத மிதக்கும் நேரம். "காலை 8 மணிக்கு மருந்து" என்றால் கொழும்பில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் அந்தந்த ஊர் 8 மணி.

நான்காவது, நேரமே இல்லாத வெறும் நாள்: பிறந்தநாள், போயா (பௌர்ணமி விடுமுறை), பொங்கல். இதை நள்ளிரவு 12 மணி என்று சேமிப்பவர்கள் எத்தனையோ பேர். ஜாவாஸ்கிரிப்டில் 2025-01-14 என்ற சரத்தை டேட் பொருளுக்குக் கொடுத்துப் பாருங்கள். அது யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். கொழும்பில் இருந்து பார்த்தால் 14ஆம் திகதி காலை ஐந்தரை, குறை தெரியாது. அதே பக்கத்தை ரொறன்ரோவில் திறந்தால் 13ஆம் திகதி. பொங்கல் ஒரு நாள் முந்திவிடும். கொழும்பில் இருந்து சோதிக்கும் நமக்கு இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் படாது, அதுதான் ஆபத்து. நாளுக்கென்றே ஒரு வகை ஜாவாவில் லோக்கல்டேட் என்றும், ஜாவாஸ்கிரிப்டின் புதிய டெம்போரலில் பிளெய்ன்டேட் என்றும் இருக்கிறது. அதையே பாவியுங்கள்.

படி 2: யாருடைய மணிக்கூடு என்று கேளுங்கள்

இது கோடில் தீர்க்கிற விஷயம் இல்லை. வாடிக்கையாளரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ரொறன்ரோவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு மணிக்கூடு ஒரு மணி முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். இலங்கையில் மாற்றமே இல்லை. ஆகவே ரீச்சரின் விடிய 5 மணி வகுப்பு கோடையில் ரொறன்ரோவுக்கு மாலை 7.30, குளிர்காலத்தில் 6.30. ரொறன்ரோ நேரத்தைத் தலையாக வைத்தால் அங்கே எப்போதும் 7.30, இங்கே குளிர்காலத்தில் 6 மணி.

ரீச்சரிடம் கேட்டேன். "ஆறு மணிக்கு எனக்கு இஞ்ச வேற வகுப்பு இருக்குத் தம்பி, ஐந்துதான்" என்றார். முடிவு அவ்வளவுதான்: வலயம் கொழும்பு. இதைக் கேட்காமல் எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் நவம்பரில் ஒரு பக்கம் பிழைக்கும். லண்டனும் ரொறன்ரோவும் ஒரே வகுப்பில் இருந்தால் இன்னொரு வேடிக்கை. மார்ச்சில் இரண்டு மூன்று கிழமைகள் அவர்களுக்கு இடையிலான வித்தியாசமே மாறும்.

படி 3: இடைவெளியை அல்ல, வலயத்தின் பெயரை வையுங்கள்

+05:30 என்பது யூடிசியில் இருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும் ஓர் இடைவெளி எண். அது கொழும்பா, டெல்லியா என்று அதற்குத் தெரியாது. நேர வலயத் தரவுத்தளத்தில் கொழும்புக்கு என்று ஒரு பெயர் இருக்கிறது: ஏசியா/கொலம்போ. அந்தப் பெயருக்குள் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது.

நம் வரலாறு கொஞ்சம் சுவாரசியமானது. 1996இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் தட்டுப்பட்டது. மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளி +6:30 ஆக்கினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணி பின்னே எடுத்து +6:00. கிட்டத்தட்ட பத்து வருடம் அப்படியே ஓடி, 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழையபடி +5:30க்கு வந்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய நேரம்தான். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

இதில் சாதகம் கணிக்கும் மென்பொருள் எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 1996 ஜூலையில் கொழும்பில் காலை 6 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு +5:30 என்று கணக்குப் போட்டால் ஒரு முழு மணி பிழை. இலக்கினம் ஒன்று சராசரியாக இரண்டு மணி நேரம்தான் நிற்கும், ஆகவே பாதி ராசி தள்ளிப்போகும். வலயப் பெயரை வைத்திருந்தால் நேரக் கணக்குக்கான கோட் நூலகமே சரியாகக் கணிக்கும். பிறந்தது வன்னியில் என்றால் எந்த நூலகமும் உதவாது. எந்த நேரம் என்று பாவனையாளரைக் கேட்கும் ஒரு பெட்டியைப் படிவத்தில் வைக்கத்தான் வேண்டும்.

இன்னும் இரண்டு பொறிகள். இங்கே நிறையக் கணினிகள் இந்திய நேரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். இன்றைக்கு இரண்டும் ஒன்று என்பதால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் மேலே சொன்ன பத்து வருடங்களில் இரண்டும் வேறு. அடுத்தது, விண்டோஸ் தன் வலயங்களுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. அவுட்லுக்கில் இருந்து வரும் கோப்பில் 'ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்' என்று இருக்கும். அதை ஏசியா/கொலம்போ ஆக மாற்ற யூனிகோட் சிஎல்டிஆர் திட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. நீங்களாகப் பட்டியல் எழுத வெளிக்கிடாதீர்கள்.

படி 4: வேட்பாளர்களைப் பாருங்கள்

ஐகலண்டர்: ஐசிஎஸ் கோப்பு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1998இல் ஆர்எஃப்சி 2445 ஆக வந்து, 2009இல் ஆர்எஃப்சி 5545 ஆகத் திருத்தப்பட்டது. கூகுள், அப்பிள், அவுட்லுக் மூன்றும் வாசிக்கும். வெளியே அனுப்ப இதை விட்டால் கதி இல்லை. இதற்கு முந்திய 1996ஆம் ஆண்டு விகலண்டரை எங்காவது கண்டால் வாசித்து மாற்றுங்கள், புதிதாக எழுத வேண்டாம்.

எக்ஸ்கால், ஜேகால்: ஐகலண்டருக்கே எக்ஸ்எம்எல் சட்டையும் ஜேசன் சட்டையும் போட்டவை. ஜேகால் 2014இல் ஆர்எஃப்சி 7265 ஆக வந்தது. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். இழப்பில்லாமல் மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் பயன்; ஏபிஐயில் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) இதைக் கொடுத்தால் முன்முனை (திரையில் தெரியும் பகுதி) எழுதும் பெடியன் உங்களைத் திட்டுவான்.

ஜேஎஸ்கலண்டர்: 2021இல் வந்த ஆர்எஃப்சி 8984. இது சட்டை மாற்றம் இல்லை, புதிதாக யோசித்துச் செய்தது. தொடக்கத்தை இடைவெளி எண் இல்லாத உள்ளூர் நேரமாகவும், வலயத்தைத் தனிப் புலமாகவும், முடிவுக்குப் பதில் கால அளவாகவும் வைக்கிறது. தொடரில் ஒரு நாள் மட்டும் மாறினால் அந்த நாளின் கீழ் மாறிய புலத்தை மட்டும் எழுதினால் போதும். படி 2இலும் 3இலும் சொன்னதை எல்லாம் வடிவமே நம் கையைப் பிடித்துச் செய்ய வைக்கும். குறை ஒன்றுதான்: பாவனையாளரின் கைபேசி இதைத் திறக்காது.

கூகுள், மைக்ரோசொப்ட் ஏபிஐகளின் ஜேசன்: அந்தந்த வீட்டு வழக்கம். அவர்களோடு பேசும்போது அவர்கள் மொழி, அவ்வளவுதான். சொந்தத் தரவை அதன்படி வடிவமைத்தால் பிறகு வீடு மாறுவது கஷ்டம்.

சிஎஸ்வி: விடுமுறைப் பட்டியலை ஒருவர் எக்செல்லில் தட்டித் தருவதற்கு நல்லது. திரும்பல் விதி வந்தவுடன் செத்துவிடும்.

என் தேர்வு இது: தரவுத்தளத்தில் சொந்த அட்டவணை, அதன் புலங்கள் ஜேஎஸ்கலண்டரைப் பார்த்து அமைத்தவை; ஏபிஐயில் ஜேஎஸ்கலண்டரின் ஒரு சிறு பகுதி; வெளியே போகிற வாசலில் மட்டும் ஐகலண்டர். ஐசிஎஸ் உரையையே அப்படியே தரவுத்தளத்தில் போட்டு வைப்பவர்களும் உண்டு. கல்டாவ் (கலண்டர்களை ஒத்திசைக்கும் முறை) சேவையகம் எழுதினால் அது நியாயம், ஏனென்றால் வந்த கோப்பைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். வகுப்புப் பதிவுக்கு அது வேண்டாத வேலை.

படி 5: உள்ளே எப்படிச் சேமிப்பது

ரீச்சரின் வகுப்பு இப்போது இப்படி இருக்கிறது: தொடக்கம் ஞாயிறு 05:00, எந்த இடைவெளி எண்ணும் இல்லாமல். வலயம் அட்டவணையின் தனி நிரலில், ஏசியா/கொலம்போ. கால அளவு 60 நிமிடம். விதி: கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு. விலக்குகள் தனி அட்டவணையில். இவற்றோடு யூடிசி நேரம் ஒரு நிரலும் உண்டு, ஆனால் அது தேடலுக்காக நாமே கணித்து வைப்பது. ஏதாவது ஒரு நாடு நேரத்தை மாற்றினால் வலயத் தரவைப் புதுப்பித்து அந்த நிரலை மட்டும் மறுபடி கணிக்கலாம். முதலில் இருந்தே யூடிசி மட்டும் வைத்திருந்தால், ரீச்சர் சொன்னது 5 மணி என்ற தகவலே நம்மிடம் இருக்காது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பாவிப்பவர்களுக்கு: நேர வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வகை இருக்கிறதே, அது பெயருக்குத்தான். உள்ளே யூடிசி மட்டுமே தங்கும், நீங்கள் கொடுத்த வலயம் காணாமல் போகும். வலயப் பெயருக்குத் தனி நிரல் கட்டாயம்.

நேரத்தையும் வலயத்தையும் ஒரே சரத்தில் அனுப்ப வேண்டி வந்தால், 2024இல் வந்த ஆர்எஃப்சி 9557 ஒரு வழி தருகிறது. வழக்கமான நேரச் சரத்தின் பின்னால் சதுர அடைப்புக்குள் வலயப் பெயர்.

படி 6: ஐசிஎஸ் கோப்பைத் தமிழோடு எழுதுவது

தமிழ்த் தலைப்புள்ள நிகழ்வுகள் உடையும் இடம் இது. கீழே வரும் புலப் பெயர்கள் கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஐகலண்டரில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் வரியை முறித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். 75 எழுத்து இல்லை, 75 பைட். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். 'கொழும்பு' என்ற சொல்லை எடுங்கள். நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறியீடு, 24 பைட். மூன்று தரம் கொழும்பு என்று எழுதினால் 72 ஆகிவிடும், வரி முடிந்தது. ஆங்கிலத் தலைப்புகளோடு சோதித்த நூலகம் வரியை முறிக்கும் வேலையையே செய்திருக்காது. செய்தாலும் சில நூலகங்கள் பைட்டை எண்ணி, ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டிவிடும். தரநிலைப்படி வாசிக்கிற செயலி முதலில் பைட் மட்டத்தில் வரிகளை ஒட்டிவிட்டுப் பிறகுதான் எழுத்தாக்க வேண்டும். மாறிச் செய்தால் 'ழு' இருந்த இடத்தில் கறுப்புக் கேள்விக்குறிகள் வரும். நீங்கள் எழுதும்போது குறியீட்டின் எல்லையில் மட்டும் முறியுங்கள், எல்லோருக்கும் நிம்மதி. கூடவே ஒன்று: 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுத முடியும். சேமிக்கும் முன் என்எஃப்சி முறையில் ஒருமைப்படுத்தாவிட்டால் தேடலில் பாதி நிகழ்வு அகப்படாது.

முகவரியில் வரும் காற்புள்ளி அடுத்த பொறி. 'காலி வீதி, கொழும்பு 06' என்பதில் உள்ள காற்புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு வேண்டும். அரைப்புள்ளிக்கும் அப்படியே.

முழுநாள் நிகழ்வில் டிடிஎண்ட் (முடிவுப் புலம்) என்பது அந்த நாள் இல்லை, அடுத்த நாள். 14ஆம் திகதி பொங்கல் என்றால் முடிவு 15. இதை மறந்து 14 என்று போட்டால் சில செயலிகள் நிகழ்வையே காட்டாது.

யுஐடியை (நிகழ்வின் தனி அடையாளம்) ஏற்றுமதி செய்யும் நேரத்தில் புதிதாக உருவாக்காதீர்கள். நிகழ்வு பிறக்கும்போதே ஒருமுறை உருவாக்கித் தரவுத்தளத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் பெற்றோரின் கலண்டரில் இன்னொரு வகுப்பு முளைக்கும். அழைப்பிதழாக அனுப்பிய நிகழ்வின் நேரம் மாறினால் அதே யுஐடியோடு சீக்வென்ஸ் (எத்தனையாவது திருத்தம்) எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். தொடரில் ஒரு நாள் மட்டும் தள்ளிப்போனால் ரிகரென்ஸ்-ஐடியில் (தொடரில் எது மாறுகிறது என்று காட்டும் புலம்) எழுத வேண்டியது பழைய நேரம். புது நேரம் டிடிஸ்டார்ட் என்ற தொடக்கப் புலத்தில்.

அன்டில் என்ற முடிவுத் திகதியில் ஒரு விசித்திரம்: தொடக்கம் கொழும்பு நேரத்தில் இருந்தாலும் அன்டில் யூடிசியில்தான் இருக்க வேண்டும். 2026 டிசம்பர் 27, மாலை 6.30 வகுப்புதான் கடைசி என்றால் அது யூடிசியில் 13:00. வெறும் 27ஆம் திகதி யூடிசி நள்ளிரவு என்று எழுதினால் கடைசி வகுப்பு விடுபடும், சம்பளக் கணக்கும் பிழைக்கும்.

வலயப் பெயரைப் பாவித்தால் விடைம்ஸோன் பகுதியும் (அந்த வலயத்தின் விதிகள்) கோப்பில் கட்டாயம். கொழும்புக்கு அது எட்டொன்பது வரிதான். ரொறன்ரோவுக்குக் கோடை, குளிர்காலம் இரண்டும் எழுத வேண்டும், அதை நூலகத்திடம் விடுங்கள்.

படி 7: போயாவும் பெருநாளும்

ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே விடுமுறை. புதிதாக எழுதுபவர்களுக்கு உடனே தோன்றும் ஆசை, சந்திரனைக் கணித்துப் போயாவைக் கண்டுபிடிப்பது. எனக்கும் தோன்றியது. 2023 ஆகஸ்ட் மாதத்தைப் பாருங்கள். எசல போயா ஆகஸ்ட் 1. ஆனால் சந்திரன் முழுமையான கணம் நம் நேரப்படி 2ஆம் திகதி நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில். நிகினி போயா ஆகஸ்ட் 30. சந்திரன் முழுமையானது 31ஆம் திகதி காலை ஏழு மணியளவில். வானியல் கணக்கு ஒரே மாதத்தில் இரண்டு தரம் ஒரு நாள் பிழைத்திருக்கும்.

திரும்பல் விதியாலும் முடியாது. கிரகோரியன் அல்லாத கலண்டர்களுக்கு என்று 2015இல் ஆர்எஃப்சி 7529 வந்தது. சீன, எபிரேய மாதங்களுக்கு அது உதவும், அரச வர்த்தமானியில் அறிவிக்கும் நாளுக்கு உதவாது. ஆகவே வர்த்தமானியைப் பார்த்துத் திகதிகளை ஒவ்வொன்றாக, தனி நிகழ்வுகளாக எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு மாலை வேலை. பொங்கலும் அப்படித்தான்: 2024இல் ஜனவரி 15, 2025இல் 14. 'ஒவ்வொரு வருடமும் ஜனவரி 14' என்று விதி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

நோன்புப் பெருநாள் பிறை பார்த்து முடிவாவது. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் இருந்து அறிவிப்பு வரும்வரை அந்த நிகழ்வின் ஸ்டேட்டஸை டென்டேட்டிவ் என்று வைத்து, வந்ததும் கன்ஃபர்ம்ட் ஆக்குங்கள். அரச, வங்கி, வர்த்தக விடுமுறை என்ற மூன்று பிரிவையும் கேட்டகரீஸ் புலத்தில் குறியுங்கள். ஒருவருக்கு லீவு, இன்னொருவருக்கு வேலை நாள் என்பது இங்கே சாதாரணம். விடுமுறை நிகழ்வுகளை டிரான்ஸ்பேரன்ட் ஆக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் போயா நாள் முழுக்க ரீச்சர் 'பிஸி' என்று காட்டும். அவருக்கோ அன்றைக்குத்தான் மேலதிக வகுப்பு.

நல்ல நேரம், இராகு காலம் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் வாக்கியமா திருக்கணிதமா என்று முதலில் கேட்டு, அதையும் ஒரு புலமாக வையுங்கள். இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகாத நாளில் தொலைபேசி அடிப்பது உங்களுக்குத்தான்.

படி 8: சோதனை

கொழும்பு நேரத்தில் உள்ள கணினியில் மட்டும் சோதித்தால் ஒன்றும் தெரியாது. சோதனைச் சூழலின் வலயத்தை ஒருமுறை ரொறன்ரோவுக்கும் ஒருமுறை யூடிசிக்கும் மாற்றி ஓட்டுங்கள். நான் வைத்திருக்கும் சோதனை நிகழ்வுகள் இவை: காலை 5.30க்கு முன் தொடங்கும் கிழமை வகுப்பு, நவம்பர் முதல் ஞாயிறைத் தாண்டும் ரொறன்ரோ தொடர், முழுநாள் பொங்கல், மூன்று முறை கொழும்பு வரும் நீண்ட தமிழ்த் தலைப்பு, காற்புள்ளியோடு ஒரு முகவரி, நடுவில் ஒரு நாள் தள்ளிப்போன தொடர், 31ஆம் திகதி மாதாந்தக் கட்டணம். கடைசியானது 31 இல்லாத மாதங்களைப் பேசாமல் தாண்டிவிடும், தரநிலையே அப்படித்தான். ஒவ்வொன்றையும் கூகுள், அப்பிள், அவுட்லுக் மூன்றிலும் திறந்து கண்ணால் பாருங்கள்.

கலண்டரை இணைப்பாகக் கொடுத்துப் பெற்றோர் சந்தா சேர்த்திருந்தால், நீங்கள் மாற்றியது அவர்கள் கைபேசிக்கு உடனே போகாது. கூகுள் பல மணி நேரம் கழித்துத்தான் மறுபடி வந்து பார்க்கும். ரீச்சருக்குக் காய்ச்சல் என்று இரவு 10 மணிக்கு வகுப்பை நீக்கினால், விடிய 5 மணிக்கும் அது அங்கே நிற்கலாம். அதனால் எங்கள் மென்பொருளில் வகுப்பை நீக்கும் பொத்தானை அழுத்தியதும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றும் போகிறது. அதில் இரண்டு ஊர் நேரமும், கிழமைப் பெயரோடு.